509 வருட வாக்குறுதி... பெலன்னோர் போரை ஜெயித்தது யார்?

விடிந்தும் விடியாத வேளை. ஏழு அடுக்குக் கோட்டை நகரத்தின் பெரிய கதவு உடைந்து நொறுங்கிக் கிடக்கிறது. வாசலில் குதிரைமேல் எதிரிப் படையின் தளபதி. அவனுக்கு எதிரே வெள்ளுடை அணிந்த ஒரு கிழவர் மட்டும் நிற்கிறார். மற்றவர்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து நகரத்துக்குள் எங்கேயோ ஒரு சேவல் கூவுகிறது. போரைப் பற்றியும் மந்திரத்தைப் பற்றியும் அதற்கு என்ன கவலை? விடிந்துவிட்டது, கூவுகிறது. அதற்குப் பதில் சொல்வதுபோல, தொலைவில் வடக்கேயிருந்து ஊதுகொம்புகள் முழங்குகின்றன.

'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' ரசிகர்களிடம் இந்த இடத்தைச் சொன்னாலே போதும், கையை நீட்டி மயிர்க்கூச்சத்தைக் காட்டுவார்கள். ஜே.ஆர்.ஆர்.டோல்கீன் எழுதிய அந்த நாவலின் மூன்றாம் பாகமான 'தி ரிட்டர்ன் ஆஃப் த கிங்' 1955 அக்டோபரில் வெளியானது. அதில் வரும் பெலன்னோர் போர்தான் இது. 2003-ல் பீட்டர் ஜாக்சன் அதைப் படமாக்கினார். 11 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்ட அந்தப் படம், 11 ஆஸ்கரையும் அள்ளியது.

படத்தை மட்டும் பார்த்தவர்களிடம், "அந்தப் போரை ஜெயித்துக் கொடுத்தது யார்?" என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் "பச்சை நிறப் பேய்ப்படை" என்பார்கள். கப்பலிலிருந்து இறங்கி, வெள்ளம்போலப் பாய்ந்து, நிமிடங்களில் எதிரிகளைத் துடைத்தெடுத்துவிடுமே, அதுதான்.

நாவலில் அந்தப் போர்க்களத்துக்கு ஒரு பேய்கூட வரவில்லை. அப்படியென்றால் ஜெயித்தது யார்? அதைத் தேடிப் போனால், திரையில் பார்த்ததைவிட சுவாரஸ்யமான ஒரு கதை கிடைக்கிறது.

யார் யாரோடு மோதினார்கள்?

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டோல்கீன் படைத்த உலகத்தின் பெயர் மிடில் எர்த். அதை முழுவதும் அடிமைப்படுத்த நினைப்பவன் சௌரோன். அவனுடைய நாடு மோர்டோர். அவனுக்குக் குறுக்கே நிற்கும் பழைய பேரரசு கோண்டார். மன்னர் பரம்பரை அற்றுப்போய், பல தலைமுறைகளாகக் காவலர்கள் ஆண்டுவரும் நாடு. அதன் தலைநகர் மினாஸ் டிரித். நகரத்தைச் சுற்றியுள்ள வயல்வெளிக்குப் பெயர்தான் பெலன்னோர். பக்கத்து நாடு ரோஹன், குதிரை வீரர்களின் தேசம்.

மூன்றாம் யுகம் 3019, மார்ச் 15. மோர்டோர் படை நகரத்தை வளைத்துக்கொண்டு நிற்கிறது. தெற்கே ஹராட் நாட்டிலிருந்து போர் யானைகளோடு வந்த படையும், கிழக்கிலிருந்து வந்த படைகளும் அதனுடன் சேர்ந்திருக்கின்றன. அன்று நகரம் விழுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஐந்து நூற்றாண்டுக் கடன்

இந்தப் போரின் விதை 509 ஆண்டுகளுக்கு முன்பே விழுந்துவிட்டது. யுகக் கணக்கில் 2510-ம் ஆண்டு. அன்றும் கோண்டாருக்கு இதே நிலைமை. எதிரிகள் நாட்டுக்குள் புகுந்துவிட்டார்கள். காவலர் கிரியோன், வடக்கே வெகுதொலைவில் வாழ்ந்த ஒரு குதிரைக் குலத்துக்குத் தூது அனுப்புகிறார். அந்தக் குலத்தின் இளம் தலைவன் எயோர்ல் தன் மக்களைத் திரட்டிக்கொண்டு வந்து, கெலப்ரன்ட் சமவெளியில் கோண்டாரைக் காப்பாற்றுகிறான்.

நன்றிக்கடனாகப் பரந்த புல்வெளிப் பிரதேசம் ஒன்றையே எழுதிக்கொடுக்கிறார் கிரியோன். அதுதான் பிற்பாடு ரோஹன் ஆனது. பதிலுக்கு எயோர்ல் சத்தியம் செய்கிறான்: கோண்டாருக்கு ஆபத்து என்றால் என் வம்சம் வந்து நிற்கும்.

ஐந்நூறு வருடத்தில் எத்தனை தலைமுறை மாறியிருக்கும்! பங்காளிகளுக்குள் பேசிக்கொண்டதே அடுத்த தலைமுறையில் "அப்படியா, எப்போ சொன்னோம்?" என்று ஆகிவிடுகிற உலகம் இது. 3019-ல் ரோஹனின் மன்னராக இருந்தவர் தியோடன், வயது 71. மார்ச் தொடக்கத்தில்தான் தன் நாட்டுக்குள்ளேயே ஒரு பெரும்போரை முடித்திருக்கிறார். மகனைப் பறிகொடுத்திருக்கிறார். "எங்க வீடே பத்தி எரியுது, இதுல உங்க வீட்டுக்கு எப்படி வர்றது?" என்று அவர் கேட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

வந்த அம்பு, வராத பதில்

கோண்டாரிலிருந்து தூதன் ஹிர்கோன் வருகிறான். கையில் சிவப்பு அம்பு. உயிர்போகும் ஆபத்து என்பதற்கான அடையாளம் அது. படத்தில், கோண்டாரின் காவலர் டெனதோர் உதவி கேட்க மறுத்துவிட, ஹாபிட் இனத்துச் சிறுவன் பிப்பின் யாருக்கும் தெரியாமல் மலைமேல் தீ மூட்டுவான். நாவலில் தீ மூட்டவைத்ததும் டெனதோர்தான், அம்பை அனுப்பியதும் அவர்தான்.

பத்தாயிரம் ஈட்டிகளை அனுப்பியிருக்கலாம் என்கிறார் தியோடன். ஆனால், தன் கோட்டைகளைக் காவலின்றி விட முடியாது. அதனால், ஆறாயிரம் பேர். தலைநகர் எடோராஸிலிருந்து மினாஸ் டிரித்துக்கு 102 லீக், நம் கணக்கில் ஏறக்குறைய 490 கிலோமீட்டர். குதிரையில் போய்ச் சேர வேண்டும், போனதும் சண்டை போட வேண்டும்.

பலர் கவனிக்காமல் கடந்துவிடும் ஓர் இடம் இங்கே இருக்கிறது. 'வருகிறோம்' என்ற பதிலோடு திரும்பிப்போன ஹிர்கோன் நகரத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. அவனுக்கு முன்னால் எதிரிப் படை வந்துவிட்டது. வழியில் அவன் இறந்துகிடப்பதை ரோஹன் வீரர்களே பார்க்கிறார்கள். சிவப்பு அம்பு அவன் கையிலேயே இருக்கிறது.

ஆக, நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு உதவி வருவது தெரியாது. வருகிறவர்களுக்கோ, தாங்கள் போவதற்குள் நகரம் நிற்குமா என்று தெரியாது. ஆனாலும் உள்ளே இருப்பவர்கள் மதில்மேல் நிற்கிறார்கள், வெளியே இருப்பவர்கள் குதிரையை ஓட்டுகிறார்கள்.

காட்டு மனிதரின் கணக்கு

பாதி வழியில் ரோஹன் படைக்கு முட்டுக்கட்டை. முன்னால் உள்ள நெடுஞ்சாலையை எதிரிகள் மறித்துவிட்டார்கள். அந்த இடத்தில் காட்டுக்குள்ளிருந்து வருகிறார் காண்-புரி-காண். ட்ருவாடன் காட்டின் ஆதிகுடித் தலைவர். கட்டை குட்டையான உருவம், இடுப்பில் புல்லாடை. ரோஹன் வீரர்களுக்கு அவரைப் பார்த்தால் விநோதம். தளபதிகளில் ஒருவர், எதிரிகளின் எண்ணிக்கை இவருக்கு எப்படித் தெரியும் என்று சந்தேகப்படுகிறார்.

காண்-புரி-காணுக்குக் கோபம் வருகிறது. தன் மக்களுக்கு எண்ணத் தெரியும் என்கிறார். இருபது இருபதுகளை எடுத்து, அதைப் பத்து முறையும் இன்னும் ஐந்து முறையும் எண்ணினால் என்ன வருமோ, அவ்வளவு பேர் உங்களிடம் என்கிறார். போட்டுப் பாருங்கள்: 20 x 20 = 400; 400 x 15 = 6,000. தியோடன் சொன்ன அதே கணக்கு!

கோண்டார் மக்களே ஒரு காலத்தில் போட்டு, பிறகு மறந்துபோன வண்டிப்பாதை ஒன்று அந்தக் காட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் வழியாகப் படையை அழைத்துப் போகிறேன் என்கிறார். தான் ஏமாற்றினால் கொன்றுவிடலாம் என்று சொல்லி, மன்னருக்குப் பக்கத்திலேயே நடக்கவும் சம்மதிக்கிறார். பதிலுக்கு என்ன வேண்டும்? பொன், பொருள் எதுவும் கேட்கவில்லை. எங்களைக் காட்டில் நிம்மதியாக விடுங்கள், இனி மிருகங்களைப்போல வேட்டையாடாதீர்கள். அவ்வளவுதான்.

இந்த ஒரு வரியில் டோல்கீன் நம்மைச் சுருக்கென்று குத்திவிடுகிறார். அதுவரை நாம் கைதட்டிக்கொண்டிருந்த இந்தக் குதிரை வீரர்கள், இந்த மக்களை வேட்டையாடிவந்திருக்கிறார்கள்! யாரை மனிதராகவே மதிக்கவில்லையோ, அவர் வழிகாட்டாவிட்டால் 509 வருட சத்தியம் நடுரோட்டில் நின்றுபோயிருக்கும்.

தியோடன் வாக்குக் கொடுக்கிறார். போரில் இறந்தும்போகிறார். ஆனால், வாக்கு சாகவில்லை. போர் முடிந்தபின், புதிய மன்னர் அரகோர்ன் அந்தக் காடு வழியாகப் போகும்போது, இந்தக் காடு என்றென்றும் காண்-புரி-காணின் மக்களுக்கே சொந்தம், அவர்கள் அனுமதியின்றி யாரும் நுழையக் கூடாது என்று அறிவிக்கச் சொல்கிறார். காட்டுக்குள்ளிருந்து பறை முழங்குவதுதான் அதற்கு வந்த பதில்.

'வராதே' என்று சொல்லப்பட்ட இருவர்

விடியலில் ரோஹன் படை பாய்கிறது. எதிரி வரிசை சிதறுகிறது. ஆனால், ஹராட் படை மட்டுமே ரோஹன் படையைப்போல மூன்று மடங்கு. அதற்குள் சௌரோனின் தளபதி, நாஸ்கூல்களின் தலைவனான சூனிய மன்னன், பறக்கும் மிருகத்தில் வந்து இறங்குகிறான். தியோடனின் குதிரை சரிய, அதன் அடியில் நசுங்குகிறார் மன்னர்.

எந்த ஆண்மகன் கையாலும் அவன் வீழமாட்டான் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தீர்க்கதரிசனம் உண்டு. நம் ராவணன் வரம் கேட்டபோது மனிதர்களையும் குரங்குகளையும் அற்பம் என்று விட்டுவிட்டானே, அதேபோல இவன் கணக்கிலும் இருவர் விடுபட்டிருந்தார்கள்.

ஒருத்தி எயோவின், தியோடனின் தங்கை மகள். ஊரிலேயே இருந்து மக்களைப் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டு வந்த பெண். ஆண் வேடத்தில் படையோடு வந்திருக்கிறாள். இன்னொருவன் மெர்ரி, நம் இடுப்பளவு உயரமே உள்ள ஹாபிட். நீ வேண்டாம் என்று மன்னர் அன்போடு ஒதுக்கியவன். அவளுடைய குதிரையிலேயே ஒளிந்து வந்தவன். தன் மாமனின் உடலுக்கு முன்னால் அவள் நிற்கிறாள். இவன் பின்னாலிருந்து சூனிய மன்னனின் முழங்காலுக்குப் பின்புறம் வாளைச் செருகுகிறான். அவன் தடுமாறிய அந்த நொடியில் அவள் வாளை இறக்குகிறாள். அத்தோடு அவன் கதை முடிந்தது.

மெர்ரியின் வாளுக்கும் ஒரு கதை உண்டு. வடக்கே இதே சூனிய மன்னனோடு போரிட்டு, அழிந்தேபோன ஒரு நாட்டு மக்கள் செய்த வாள் அது. பழைய கல்லறை மேட்டில் கிடைத்தது. வேறு எந்த வாளாலும் அவனுக்கு அப்படியொரு காயத்தை ஏற்படுத்தியிருக்க முடியாது என்கிறது நாவல். தோற்றுப்போன ஒரு தேசத்தில், பெயர் தெரியாத ஒரு கொல்லன் செய்த வேலை, பல நூற்றாண்டுகள் கழித்துப் பலன் தருகிறது. இந்தக் கூட்டணியில் அந்தக் கொல்லனும் ஓர் உறுப்பினர்தான்!

கறுப்புக் கப்பல்களில் வந்தது யார்?

இப்போது அந்தப் பேய்ப்படை விஷயத்துக்கு வருவோம்.

முற்றுகைக்கு முன்பு, கோண்டாரின் தென்பகுதிகளிலிருந்து உதவிப் படைகள் தலைநகருக்கு வருகின்றன. மீனவர்கள், வேடர்கள், மேய்ப்பர்கள், மலைவாசிகள், வில்லாளிகள். எல்லோரையும் சேர்த்தாலும் 3,000 பேர்கூட இல்லை. லொஸ்ஸர்னாக்கிலிருந்து வந்தவர்கள் 200 பேர்தான். நகரத்தார் எதிர்பார்த்ததோ அதைப்போலப் பத்து மடங்கு. காரணம், பயம். உம்பாரின் கடற்கொள்ளையர்கள் கறுப்புக் கப்பல்களில் கரையோரமாக வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுவாசலில் திருடன் நிற்கும்போது, ஊர்க்காவலுக்கு யார் போவார்கள்?

அரகோர்ன், இறந்தவர்களின் படையோடு பெலார்கிர் துறைமுகத்துக்குப் போய் அந்தக் கப்பல்களைப் பிடிக்கிறார். நாவலில் பேய்களின் வேலை அத்தோடு சரி. ஒரு காலத்தில் கொடுத்த வாக்கை மீறியதால் சாந்தியின்றி அலைந்தவர்கள் அவர்கள். கடன் தீர்ந்தது என்று அங்கேயே விடுவித்துவிடுகிறார். அதன்பிறகு அந்த 50 பெரிய கப்பல்களில் ஏறியவர்கள், அதுவரை கரையைவிட்டு நகர முடியாமல் இருந்த லெபென்னின் மக்களும் மற்றவர்களும். துடுப்பு வலித்தவர்கள், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட சுதந்திர மனிதர்கள்.

திரையில் பேய்கள் வந்தது பிரமாண்டம். ஆனால், நாவலின் கணக்கில் வெற்றி உயிருள்ளவர்களுக்குச் சொந்தம். சாகிறவர்களால்தான் தியாகம் செய்ய முடியும். வில்லாளிகளின் தலைவர் துயின்ஹிரின் இரண்டு மகன்கள், யானைகளின் கண்ணைக் குறிவைத்து அருகே போய், மிதிபட்டுச் செத்தார்கள். அந்த 200 பேரை அழைத்துவந்த ஃபோர்லோங்கும் திரும்பவில்லை.

கப்பல்கள் வருவதை டெனதோர் முன்கூட்டியே பார்த்துவிட்டார். தொலைவில் நடப்பதைக் காட்டும் பலன்டீர் என்ற மாயக்கல் அவரிடம் இருந்தது. அது காட்டியது பொய் இல்லை; கறுப்புக் கப்பல்கள் உண்மையிலேயே வந்துகொண்டிருந்தன. அதில் இருப்பது யார் என்பதை மட்டும் அவர் எதிரிகள் என்று முடிவுகட்டிவிட்டார். எல்லாம் போயிற்று என்று தீக்குளித்துவிடுகிறார். எல்லாத் தகவலும் கையில் இருந்தவர் அவர் ஒருவர்தான். நம்பிக்கையை விட்டவரும் அவர்தான். நாள் முழுக்க கைக்குள் ஒரு திரையை வைத்துக்கொண்டு கெட்ட செய்திகளாகப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு, டெனதோரைப் புரிந்துகொள்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

சிக்னல் ஆபீஸரின் அனுபவம்

இதையெல்லாம் எழுதியவர் போரைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவரல்லர். 1916-ல், 24 வயதில், முதல் உலகப்போரின் சோம் போர்முனையில் இருந்தார் டோல்கீன். லங்காஷயர் ஃப்யூசிலியர்ஸ் படைப்பிரிவில் சிக்னல் ஆபீஸர், அதாவது தகவல்தொடர்பு அதிகாரி. செய்தி போய்ச் சேர்வதும் சேராமல்போவதும் எத்தனை உயிர்களின் விலை என்பதை நேரில் பார்த்த வேலை. கையில் அம்போடு வழியில் கிடந்த ஹிர்கோனைப் படிக்கும்போது அது நினைவுக்கு வராமல் இருக்காது.

சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1-ல் மட்டும் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தார்கள். டோல்கீனின் பள்ளித் தோழர் ராப் கில்சன் அவர்களில் ஒருவர். இன்னொரு தோழர் ஜெஃப்ரி பாச்சி ஸ்மித், அதே ஆண்டு டிசம்பரில் இறந்தார். காய்ச்சலோடு ஊர் திரும்பிய டோல்கீன் பிழைத்துக்கொண்டார். பெலன்னோர் அத்தியாயம் வெற்றி முழக்கத்தோடு முடியாமல், இறந்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் ஒரு பாட்டோடு முடிவதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையா?

எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களும் மனிதர்கள்தானே?

இந்த நாவல்மீது ஒரு விமர்சனம் உண்டு, அது நியாயமானதும்கூட. நல்லவர்கள் எல்லோரும் வடக்கு, மேற்கு. சௌரோனுக்காகப் போரிட வரும் மனிதர்கள் எல்லோரும் கிழக்கு, தெற்கு. தெற்கத்தியர்கள் நிறம் கறுத்தவர்களாக வேறு வருகிறார்கள். யானையோடு வருகிறவர்களைப் பார்த்து, "அட, நம்மாளு மாதிரி இருக்கே" என்று நமக்கு ஒரு நெருடல் வரத்தான் செய்யும்.

அதே நாவலில், போருக்குச் சில நாள் முன்பு, சாம் என்ற ஹாபிட் தன் காலடியில் விழுந்த ஒரு ஹராட் வீரனின் பிணத்தைப் பார்க்கிறான். இவன் உண்மையிலேயே கெட்டவனா, அல்லது பொய்யோ மிரட்டலோ இவனை இவ்வளவு தூரம் இழுத்துவந்ததா, வீட்டிலேயே இருக்கத்தான் விரும்பியிருப்பானோ என்று யோசிக்கிறான். போர் முடிந்ததும் அரகோர்ன் ஹராட் மக்களோடு சமாதானம் செய்துகொள்கிறார். மோர்டோரின் அடிமைகளை விடுவித்து, நூர்னென் ஏரியைச் சுற்றியுள்ள நிலத்தை அவர்களுக்கே கொடுத்துவிடுகிறார். விமர்சனத்துக்கு இது முழுப் பதிலாகாது. ஆனால், வெற்றிக்குப் பிறகு என்ன செய்வது என்பதும் போரின் ஒரு பகுதி என்று டோல்கீனுக்குத் தெரிந்திருக்கிறது.

யாருக்கும் தெரியாத நண்பர்கள்

பெலன்னோர் போர் நடந்து பத்தாவது நாள், மார்ச் 25 அன்று, மோதிரம் எரிமலையில் விழுந்து சௌரோன் அழிகிறான். அந்தப் பத்து நாள்களை வாங்கிக் கொடுத்தது பெலன்னோர்.

ஆனால், அதே வாரத்தில் வடக்கே இன்னொரு போரும் நடந்தது. மார்ச் 17 அன்று டேல் நகரத்தைச் சௌரோனின் இன்னொரு படை தாக்கியது. அங்கே மனித மன்னர் பிராண்ட் விழுந்தார். அவர் உடலுக்கு அரணாக நின்று, பொழுது சாயும்வரை கோடரி வீசினார் குள்ளர்களின் மன்னர் டாயின், 252 வயதில். அவரும் செத்தார். அவர்கள் பிடித்து நிறுத்தியிருக்காவிட்டால், தெற்கே கிடைத்த வெற்றிக்கு அர்த்தமே இருந்திருக்காது. படத்தில் இது இல்லவே இல்லை. நாவலிலும் பின்னிணைப்பில் சில வரிகள் மட்டுமே.

பெலன்னோர் களத்தில் இருந்த ஒருவருக்கும் அன்று டேல் பற்றித் தெரியாது. டேலில் விழுந்தவர்களுக்கு பெலன்னோர் ஜெயித்தது தெரியாது. குதிரை வீரனுக்குக் கப்பலைப் பற்றித் தெரியாது. கப்பலில் துடுப்பு வலித்தவனுக்குக் காட்டுப்பாதையைப் பற்றித் தெரியாது. அவரவர் கொடுத்த வாக்கை, அடுத்தவர் காப்பாற்றுவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், அவரவர் காப்பாற்றினார்கள்.

அடுத்த முறை அந்தப் படத்தில் பச்சை வெள்ளம் பாயும்போது, துடுப்பு வலித்துக் கை காய்த்துப்போன அந்த லெபென்னின்காரர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். திரையில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. போரை ஜெயித்தவர்களில் அவர்களும் உண்டு.